டேவிட் பெயர்ட்

சர் டேவிட் பெயர்ட் (டிசம்பர் 6, 1757 - ஆகஸ்ட் 18, 1829) பிரித்தானியப் படைத்தலைவர் ஆவார். 1799 ஆம் ஆண்டு மே 4 அன்று திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் நடைபெற்ற புள்ளலூர்ப் போரில் படுகாயமுற்றுச் சிறைப்பட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்டிருந்தார். திப்புவின் படுக்கையறையில் இருந்து எடுக்கப்பட்ட வாள் இவருக்கே பரிசாக வழங்கப்பட்டது. 2023 இல் இலண்டனில் பெருந்தொகைக்கு ஏலம் போன வாள் அதுவாகும். திப்புவின் வாள் என்றே உலகம் அதனை அறியும். ஆனால் பெயர்டின் வாழ்க்கையில் அது வேறொரு பொருள் கொண்டது. தமக்கு உரியது என்று அவர் நம்பிய ஒரு பதவி மற்றொருவருக்குப் போன வேளையில் அவர் கைக்கு வந்த பொருள் அது.

இளமை

ஸ்காட்லாந்தின் கிழக்கு லோத்தியன் பகுதியில் உள்ள நியூபைத் என்னும் இடத்தில் பிறந்தார். 1772 இல், பதினைந்து வயதில், படையில் சேர்ந்தார். மாக்லியொட் பிரபு புதிதாகத் திரட்டிய 73 ஆம் ஹைலாண்டர் படைப்பிரிவில் தலைவர் (கேப்டன்) பதவி பெற்று, அப்படைப்பிரிவுடன் 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் உரத்த குரலும் முன்கோபமும் உடையவர் என்று அவரை அறிந்தோர் வர்ணித்துள்ளனர்.

கும்மிடிப்பூண்டியில் இருந்து புள்ளலூர் வரை

பெயர்டின் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சிகள் அவர் நேரில் இல்லாத ஓர் இடத்தில் தொடங்கின. 1780 ஜூலையில் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் (ஆற்காட்டு நவாபின் நாடு) இறங்கினார். சென்னை அரசு இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. படைகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வடக்கே குண்டூர்ப் பகுதியில் இருந்தது. ஏறத்தாழ 2,800 பேர் கொண்ட அப்படை தெற்கு நோக்கி அழைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 24 அன்று பெய்லி கும்மிடிப்பூண்டிக்கு அருகில் வந்து சேர்ந்தார். இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் கும்மிடிப்பூண்டி அக்காலத்தில் சென்னைக்கு வடக்கே நெடுஞ்சாலையில் அமைந்த ஒரு தங்குமிடம். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடைதான். பெய்லி நேராகச் சென்னைக்கு வந்திருந்தால் பின்னர் நேர்ந்தது எதுவும் நேர்ந்திருக்காது. ஆனால் தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ எல்லாப் படைகளும் காஞ்சிபுரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். எனவே பெய்லி உள்நாட்டு வழியாகத் தென்மேற்கே திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் அவர் கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். கொற்றலையாறு என்றும் வழங்கப்படும் இவ்வாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. அன்று நீர் குறைவாக இருந்தும் ஆற்றைக் கடக்காமல் வடகரையிலேயே பெய்லி பாளையம் இறங்கினார். அன்றிரவு பெய்த மழையில் ஆறு பெருகியது. செப்டம்பர் முதல் வாரம் வரை படை அக்கரை செல்ல இயலவில்லை. ஏறத்தாழ பத்து நாட்கள் வீணாயின. இப்பகுதியின் ஆறுகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. மேற்கே மலைப்பகுதியில் பெய்யும் மழை இங்கு ஓரிரவில் வெள்ளமாக வந்து சேரும். பிற்காலத்தில் இதே ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது.

இந்த இடைவெளியை ஐதர் அலி நன்கு பயன்படுத்திக் கொண்டார். தம் மகன் திப்புவை ஒரு படையுடன் பெய்லியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் (தற்போது திருவள்ளூர் மாவட்டம்) திப்பு தாக்கினார். பெய்லி அத்தாக்குதலைச் சமாளித்தார். எனினும் மேலும் முன்னேற இயலாத நிலையில் மன்றோவிடம் உதவி கோரினார். காஞ்சிபுரம் அங்கிருந்து 14 மைல் தொலைவுதான். ஆனால் மன்றோ தாம் காஞ்சிபுரத்தில் சேமித்து வைத்திருந்த உணவுப் பொருட்களையும் பெரும் பீரங்கிகளையும் விட்டு நகர விரும்பவில்லை. தாமே புறப்படுவதற்கு மாறாக, செப்டம்பர் 8 இரவு கர்னல் பிளெட்சரின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை அனுப்பினார். 73 ஆம் படைப்பிரிவின் கிரனேடியர் அணியும் அதில் சென்றது. அவ்வணியின் தலைவர் டேவிட் பெயர்ட். அப்போது அவருக்கு வயது 22.

வழிகாட்டிகள் மீது ஐயம் கொண்ட பிளெட்சர் இடையில் பாதையை மாற்றினார். அதனால் ஐதரின் ஆட்கள் காத்திருந்த இடத்தைத் தவிர்த்து, மறுநாள் காலை பெய்லியுடன் இணைந்தார். செப்டம்பர் 9 இரவு இணைந்த படை காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டது. சில மைல்கள் சென்றதும் பெய்லி நடுவழியில் படையை நிறுத்தி விடியும் வரை காத்திருக்க ஆணையிட்டார். இரவிலேயே நடந்திருந்தால் மன்றோவுடன் சேர்ந்திருக்கலாம் என்பது பெயர்ட் உள்ளிட்ட பலரின் கருத்தாக இருந்தது. ஆற்றங்கரையில் செய்த தாமதத்துடன் இது இரண்டாவது தாமதம். தோல்விக்குப் பெய்லியைக் குறை கூறுவோர் இவ்விரண்டையும் சுட்டுவர். ஆயினும் 14 மைல் தொலைவில் முழுப்படையுடன் இருந்தும் அசையாதிருந்த மன்றோவின் பொறுப்பு இதனினும் பெரிது என்பதே சரியாகத் தோன்றுகிறது.

புள்ளலூர்ப் போர்

செப்டம்பர் 10 விடியலில் ஐதர் அலியின் முழுப்படையும் புள்ளலூருக்கு அருகில் பெய்லியைச் சூழ்ந்தது. ஆங்கிலேய நூல்கள் பொள்ளிலூர் என்று எழுதும் இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூரும் இதுவே.

பெய்லியின் படை சதுர வடிவில் நின்று பல குதிரைப்படைத் தாக்குதல்களை முறியடித்தது. ஆனால் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் நிலைமை மாறியது. மைசூர்ப் படையினர் ஏவிய இரும்புக்குழல் ராக்கெட்டுகளால் அவை வெடித்தன என்று சிலரும், பீரங்கிக் குண்டுகளால் என்று சிலரும் எழுதியுள்ளனர். மருந்து தீர்ந்த பின் துப்பாக்கி வெறும் ஈட்டிக் கம்பே. காயமுற்ற பெய்லி இறுதியில் வெள்ளைத் துணியைக் காட்டிச் சரணடைந்தார். குழப்பத்தில் சிலர் தொடர்ந்து சுட்டதால் சரணடைந்தோரும் வெட்டப்பட்டனர். ஐதரின் பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டதால்தான் எஞ்சியோர் பிழைத்தனர். பிளெட்சர் கொல்லப்பட்டார். சுமார் 3,800 பேர் கொண்ட படை ஒரு காலைப் பொழுதில் இல்லாமல் போயிற்று. இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் கண்ட மிகப்பெரிய தோல்வி இதுவாகும். மன்றோ தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

பெயர்டின் தலையில் இரண்டு வாள்வெட்டுகளும், தொடையில் ஒரு துப்பாக்கிக் குண்டும், கையில் ஓர் ஈட்டிக் காயமும் இருந்தன. இறந்தவர்களுக்கிடையே நெடுநேரம் கிடந்து பின்னர் சிறைப்பிடிக்கப்பட்டார். அக்காலப் பிரித்தானிய அதிகாரிகள் தம் வாளையும் சிக்கிமுக்கிக் கல்லால் பொறி உண்டாக்கும் கைத்துப்பாக்கிகளையும் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தனர். அவை அரசின் உடைமை அல்ல. ஓர் அதிகாரியின் தகுதிக்கு அவையே அடையாளம். புள்ளலூரில் பிழைத்த அதிகாரிகள் ஆயுதங்களை மட்டுமன்றி உடைகளையும் இழந்தனர்.

சிறைவாசம்

கைதிகள் முதலில் ஐதரின் பாளையத்திற்கும் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கும் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு அவர்களுக்குக் கால்விலங்கு பூட்டப்பட்டது. பெயர்டின் காயம் ஆறாதிருந்ததால் அவருக்கு விலங்கிட வேண்டாம் என்று சக கைதிகள் வேண்டினர். விலங்குகள் கணக்கிட்டு அனுப்பப்பட்டவை, ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று காவலர் மறுத்தபோது, லூக்காஸ் என்ற அதிகாரி பெயர்டின் விலங்கையும் சேர்த்துத் தாமே அணிந்து கொள்ள முன்வந்தார் என்று கூறப்படுகிறது. லூக்காஸ் உயிருடன் திரும்பவில்லை. மகன் மற்றொரு கைதியுடன் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறான் என்ற செய்தி ஸ்காட்லாந்தை எட்டியபோது, அவனோடு பிணைக்கப்பட்டவனுக்காகவே தாம் வருந்துவதாகப் பெயர்டின் தாயார் சொன்னார் என்ற கதையும் உண்டு. அவரது முன்கோபம் வீட்டிலும் அறியப்பட்டிருந்தது போலும்.

இச்செய்திகளில் பலவும் 1832 இல் தியோடர் ஹூக் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவியவை. அந்நூல் பெயர்டைப் போற்றும் நோக்குடையது என்பதை நினைவிற்கொண்டே இவற்றைப் படிக்க வேண்டும். ஆயினும் நோயும் பட்டினியும் கைதிகளில் பலரைக் கொன்றன என்பதில் ஐயமில்லை. கர்னல் பெய்லி 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருடைய நினைவுச்சின்னம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்றும் உள்ளது. பெய்லி நிலவறை என்ற பெயரில் ஓர் இடத்தையும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர்.

1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் பெயர்ட் விடுதலையானார்.

மீண்டும் மைசூர்

விடுப்பில் தாயகம் சென்று 1791 இல் திரும்பிய பெயர்ட் மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிசின் கீழ்ப் பணியாற்றினார். 1793 இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய படையிலும் இருந்தார். பின்னர் தஞ்சாவூரில் படைத்தலைவராக இருந்தபோது மராத்திய அரசர் அமர்சிங்கை ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய விதத்தை எதிர்த்துச் சென்னை அரசின் வெறுப்புக்கு ஆளானார். மேலிடத்துடன் மோதுவது அவர் வாழ்க்கையில் அடிக்கடி நிகழ்வது. 1797 இல் தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் நிறுத்தப்பட்டு, மேஜர் ஜெனரலாக உயர்வு பெற்று, 1799 தொடக்கத்தில் சென்னைக்கு மீண்டார்.

நான்காம் மைசூர்ப் போருக்கான படை அப்போது ஜெனரல் ஹாரிசின் தலைமையில் திரண்டிருந்தது. ஐதராபாத் நிசாமின் துணைப்படைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லிக்குக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்று வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. ஆனால் 1799 இல் அவர் பெயர்டைவிடப் பதவியில் இளையவர். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி (மோர்னிங்டன் பிரபு) அப்போது தலைமை ஆளுநர் என்பது குறிப்பிடத்தக்கது. மூத்தவரான பெயர்டுக்கு ஒரு படையணி மட்டுமே கிடைத்தது. அவர் இதனை எதிர்த்து முறையிட்டும் பயனில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மேற்குச் சுவரில் பீரங்கிகளால் பிளவு உண்டாக்கப்பட்டபோது, அதன் வழியே நுழையும் படைக்குத் தலைமை தாங்கப் பெயர்ட் தாமாகவே முன்வந்தார். மே 4 அன்று நண்பகல் கழிந்து, காவல் தளர்ந்திருக்கக்கூடிய வெயில் வேளையில் தாக்குதல் தொடங்கியது. பாறைகள் நிறைந்த காவிரியைக் கடந்து சில நிமிடங்களில் பிளவின் உச்சியை அடைந்தனர். அங்கிருந்து படை இரண்டாகப் பிரிந்து மதில்களின் மீது வலமும் இடமும் சென்றது. பெயர்டின் கீழ் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் போரிட்டனர். வெல்லெஸ்லி அகழிகளில் துணைப்படையுடன் காத்திருந்தார்.

அன்று மாலை அரண்மனையில் இருந்த திப்புவின் மகன்கள் சரணடைந்தனர். முற்றுகையின்போது பிடிபட்ட ஆங்கிலேயர் சிலர் கொல்லப்பட்டனர் என்ற செய்தியால் பெயர்ட் கடுஞ்சினத்தில் இருந்தார். எனினும் தம் முன் கொண்டுவரப்பட்ட இளவரசர்களைக் கண்டதும் கனிவுடன் பேசி, அவர்களுக்குத் தீங்கு நேராது என்று உறுதியளித்துப் பாதுகாப்புடன் பாளையத்திற்கு அனுப்பினார். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கோட்டையின் நீர்வாயில் அருகே பிணக்குவியலுக்கிடையே திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்டபோது பெயர்ட் அங்கிருந்தார். பேரம்பாக்கத்தில் பெய்லியை மறித்த இளவரசரும், பெய்லியை மீட்க அனுப்பப்பட்ட இளம் அதிகாரியும் அந்த வாயிலில்தான் மீண்டும் எதிர்ப்பட்டனர். மறுநாள் திப்பு தம் தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பறிபோன பதவியும் பெற்ற வாளும்

தாக்குதலில் களைத்த படையினருக்கு ஓய்வளிக்க வேண்டும் என்று பெயர்ட் கேட்டிருந்தார். மே 5 காலையில் ஓய்வளிக்க வந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. கோட்டையின் பொறுப்பைத் தமக்கு அளித்து ஹாரிஸ் பிறப்பித்த ஆணையும் அவரிடம் இருந்தது. கோட்டையைப் பிடித்தவர் அதைவிட்டு வெளியேறினார். பின்னர் வெல்லெஸ்லியே அங்கு நிலையான ஆளுநராகவும் ஆனார்.

பெயர்ட் இதனைப் பெரும் அவமதிப்பாகக் கருதி ஹாரிசுக்குக் கடுமையாக எழுதினார். ஹாரிஸ் அக்கடிதத்தைக் கண்டித்தார். வெல்லெஸ்லியின் ஆதரவாளர்கள் கூறும் காரணம் வேறு. முன்கோபமும் நெடுங்காலச் சிறைவாசத்தின் கசப்பும் கொண்ட ஒருவர், அப்போதுதான் வீழ்ந்த நகரை ஆளத் தகுந்தவர் அல்லர் என்பது அவர்கள் வாதம். வெல்லெஸ்லி நகரில் நடந்த கொள்ளையை விரைந்து அடக்கினார் என்பது உண்மையே. ஆயினும் திப்புவின் மகன்களிடம் பெயர்ட் நடந்துகொண்ட முறையைப் பார்க்கும்போது இவ்வாதம் முழுவதும் ஏற்கத்தக்கதாக இல்லை. ஆளுநரின் தம்பி என்ற தகுதி எவ்வளவு உதவியது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இச்சூழலில்தான் வாள் வருகிறது. அரண்மனையில் கைப்பற்றிய பொருட்களைப் பங்கிடும் குழுவினர், திப்புவின் படுக்கையறையில் கிடைத்த வாளைப் படையின் சார்பில் பெயர்டுக்கு வழங்க வேண்டும் என்று முடிவு செய்தனர். ஹாரிஸ் அதனை அவரிடம் அளித்தார். வாளின் அலகில் பொன்னெழுத்துகள் பதிக்கப்பட்டுள்ளன. ஆட்சியாளரின் வாள் என்னும் பொருள்படும் சொற்கள் அவற்றுள் அடங்கும். பெயர்டுக்கு அது வழங்கப்பட்ட செய்தியும் பின்னர் அதில் பொறிக்கப்பட்டது. ஆக, வென்றவரின் பெயரும் தோற்றவரின் பட்டமும் ஒரே இரும்பில் உள்ளன. புள்ளலூரில் தம் வாளை இழந்தவருக்கு இப்பரிசு எத்தகையதாக இருந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். ஆனால் பதவிக்கு அது ஈடாகும் என்று அவர் ஒருபோதும் ஏற்றதாகத் தெரியவில்லை.

திப்புவின் வாள் என்ற பெயரில் வேறு பல வாள்களும் அருங்காட்சியகங்களிலும் தனியாரிடத்திலும் உள்ளன. ஒன்றை மற்றொன்றாகக் கருதும் குழப்பம் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படுகிறது. பெயர்டுக்கு வழங்கப்பட்ட படுக்கையறை வாள் 2023 மே 23 அன்று இலண்டனில் பொனாம்சு நிறுவனத்தின் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு வரை போகும் என்றுதான் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது.

எகிப்தும் பிற போர்களும்

1801 இல் நெப்போலியன் எகிப்தில் விட்டுச்சென்ற பிரெஞ்சுப் படையை எதிர்க்க இந்தியாவில் இருந்து ஒரு படை அனுப்பப்பட்டது. திருகோணமலையில் திரண்ட அப்படை முதலில் வெல்லெஸ்லியின் பொறுப்பில் இருந்தது. இம்முறை தலைமை பெயர்டுக்கு மாற்றப்பட்டது, மனம் நொந்தவர் வெல்லெஸ்லி. பம்பாயில் நோயுற்று அவர் பின்தங்கினார். அவர் செல்லவிருந்த கப்பல் செங்கடலில் மூழ்கியது. பெயர்ட் ஐரோப்பியப் படையினரையும் இந்தியச் சிப்பாய்களையும் செங்கடல் கரையில் உள்ள குசைர் துறைமுகத்தில் இறக்கி, நீரற்ற பாலைவனத்தைக் கடந்து நைல் ஆற்றங்கரையில் உள்ள கெனா வரை நடத்திச் சென்றார். அவர் கெய்ரோவை அடையும் முன்பே அந்நகர் சரணடைந்துவிட்டது. எனினும் அப்பாலைவனப் பயணம் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

இந்தியாவுக்குத் திரும்பிய பின், மராத்தியப் போரில் முதன்மையான பொறுப்பு மீண்டும் வெல்லெஸ்லிக்கே அளிக்கப்பட்டதால் பெயர்ட் பதவி விலகித் தாயகம் சென்றார். 1804 இல் சர் பட்டம் பெற்றார். 1806 ஜனவரியில் புளோபெர்க் போரில் வென்று நன்னம்பிக்கை முனையைப் பிரித்தானியர் வசமாக்கினார். 1807 இல் கோபன்ஹேகன் முற்றுகையில் காயமுற்றார். 1809 ஜனவரி 16 அன்று ஸ்பெயினில் நடந்த கொருன்னா போரில் சர் ஜான் மூருக்கு அடுத்த நிலையில் இருந்தபோது இடக்கை சிதைந்து, தோள்வரை வெட்டி எடுக்கப்பட்டது. மூர் அதே போரில் இறந்தார். அவ்வாண்டே பெயர்டுக்குப் பாரோனெட் பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் அவருக்குப் போர்க்களப் பொறுப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஐபீரியத் தீபகற்பத்தில் தலைமை வெல்லெஸ்லிக்குச் சென்றது.

இறுதிக்காலம்

1810 இல் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. 1814 இல் ஜெனரல் ஆனார். 1820 முதல் 1822 வரை அயர்லாந்தில் தலைமைத் தளபதியாக இருந்தார். 1829 ஆகஸ்ட் 18 அன்று ஸ்காட்லாந்தில் கிரீஃப் என்ற ஊருக்கு அருகே உள்ள பெர்ன்டவர் மாளிகையில் காலமானார். அவ்வூருக்கு அருகில் ஒரு குன்றின் மீது அவருடைய மனைவி எழுப்பிய கல்தூண் உள்ளது.

ஓவியங்களில்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. சதுர அணியின் நடுவே பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியும், யானை மீதும் குதிரை மீதும் வரும் ஐதரும் திப்புவும், வெடிக்கும் மருந்து வண்டியும் அதில் காணப்படுகின்றன. ஆங்கிலேயரின் தோல்வியைக் காட்டும் இவ்வோவியம் சிதைவுற்றிருந்தபோது அதனைச் சீர்செய்வித்தவர், அம்மாளிகையில் தங்கியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி.

பெயர்டின் மனைவி வேண்டியதற்கிணங்க ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் வில்கி, திப்புவின் உடலைப் பெயர்ட் கண்டெடுக்கும் காட்சியை வரைந்தார். பெயர்ட் இறந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின் முடிவுற்ற ஓவியம் இது. தீவட்டியும் விளக்கும் ஒளிர, கையில் வாளுடன் பெயர்ட் வாயிலில் நிற்கிறார். அவருடைய காலடியில், தரையோடு தரையாக, ஒரு சிறையின் இரும்புக் கம்பிச் சாளரத்தை வில்கி வரைந்துள்ளார்.